ஜசிந்தா அக்கா கையெழுத்து வைக்காத வசனம்

“உமக்குப் பிள்ளையளிலை விருப்பமோ?” என்று கேட்டார் ஜசிந்தா அக்கா.

“ஓம், நல்ல விருப்பம்,” என்றாள் கஜானி. வேலைக்கு வந்த முதல் நாள் அது. புளியங்கூடலிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த வியர்வைகூட இன்னும் காயவில்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யாரோ சொன்னதைக் கேட்டவர்போல ஜசிந்தா அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“எவ்வளவு காலமாய்?”

“சின்னனிலை இருந்தே, அக்கா.”

“அப்பக் கொஞ்சம் கஷ்டந்தான். பரவாயில்லை, வேலை செய்யச் செய்யக் குறைஞ்சிடும். பைக்குள்ளை என்ன?”

“கதைப் புத்தகம் இரண்டு. ஒரு முயல் பொம்மை.”

“சவர்க்காரம்?”

“கொண்டு வரேல்லை.”

“நாளைக்குக் கொண்டு வாரும். இஞ்சை கிணறு உவர், லேசிலை நுரைக்காது. ஒரு கட்டி நாலு நாளைக்குக் காணாது. நகம் வெட்டினனீரோ? காட்டும்.”

கஜானி இரண்டு கைகளையும் நீட்டினாள். ஜசிந்தா அக்கா பத்து நகத்தையும் பார்த்துவிட்டுச் சரியென்று தலையாட்டினார். அந்தத் துணிவில் கஜானி கேட்டாள்:

“உங்களுக்குப் பிள்ளையளிலை விருப்பமில்லையோ, அக்கா?”

“எனக்கு நண்டிலைதான் விருப்பம்,” என்றார் ஜசிந்தா அக்கா. “கை ஒத்துவரேல்லை. அதாலை இஞ்சை வந்தனான்.”

கஜானி அதிகம் பேசாதவள். பத்தாம் வகுப்பு வரை கொழும்பில் ஆங்கிலத்திலும், பிறகு ஊரில் தமிழிலும் படித்து, இரண்டு மொழியிலும் வாய் திறக்காமலிருக்கப் பழகியவள். நாலு பேர் கூடினால் எடுத்துச் சொல்வதற்கு அவளிடம் ஒரு வேடிக்கைக் கதையும் இருந்ததில்லை. இந்த உரையாடல் அவளுக்கு அகப்பட்ட முதல் கதை. அதனால் அதைக் கொஞ்சம் தாராளமாகவே சொல்லிவிட்டாள். அம்மாவுக்குச் சொன்னாள், யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் சொன்னாள், பின்னேரம் பிள்ளையை ஏற்றிப்போக வந்த நிசாந்தினி என்ற தாய்க்கும் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காமல் அதைக் கடிதத்தில் எழுதிப் போட்டவர் ஒருவர்தான். அவர் நிசாந்தினியின் கணவர்.

ஊர்காவற்றுறையில் பழைய சங்கக்கடைக் கட்டடத்தில் அந்தப் பகல் பராமரிப்பு நிலையம் நடந்தது. யாழ்ப்பாண நகரத்திலிருந்த ஒரு நிறுவனம் சம்பளம் கொடுத்தது. நிறுவனத்துக்கு மாதாமாதம் ஆங்கிலத்தில் அறிக்கை அனுப்ப வேண்டியிருந்ததால்தான் கஜானிக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பத்தொன்பது பிள்ளைகள். அநேகமான தாய்மார் நண்டுக் கொம்பனியில், அவித்த நண்டின் சதையைப் பிரித்தெடுக்கும் வேலை செய்தார்கள்.

ஜசிந்தா அக்காவும் அந்தக் கொம்பனியில் பதினொரு வருடம் இருந்தவர்தான். அவர் நண்டு வாங்கும் பகுதி. வள்ளங்களிலிருந்து கூடை வந்திறங்கியதும் செத்தது எது, கோது இளகினது எது, பாரமில்லாதது எது என்று கையிலெடுத்த மாத்திரத்திலேயே சொல்லிவிடுவார். வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டிமார் அவரைக் கண்டால் நல்ல நண்டை மேலே அடுக்குவதையே விட்டுவிட்டார்கள். அவர் அடியிலிருந்துதான் எடுப்பார். ஒரு வருடம் கையெல்லாம் வெடித்துச் சீழ் பிடித்தது. இனி நண்டைத் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலே கணவர் அம்புறோசுக்குக் கண்ணில் வெண்படலம். கடலுக்குப் போவதில்லை, தடவித் தடவிக் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். ஜசிந்தா அக்கா வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும். அந்தக் கிழமை பராமரிப்பு நிலையத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. சுறா வெட்டுமிடத்தில் காலியாக இருந்திருந்தால் அங்கே போயிருப்பார்.

பிள்ளைகளையும் அவர் வாங்கும் பகுதியில் நின்றுதான் ஏற்றார். காலை ஆறரைக்கு வாசலில் நிற்பார். கை, காது, தலை, வயிறு என்று பார்த்துவிட்டு, “வாயைத் திறவும்” என்பார். அது முக்கியமான இடம். காய்ச்சல் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் தாய்க்கு ஒருநாள் கூலி போய்விடும். அதனால் சில தாய்மார் விடியப்புறம் பழ வாசனையுள்ள காய்ச்சல் மருந்துப் பாணியைப் பருக்கி, உடம்பு குளிர்ந்திருக்கும்போதே கொண்டுவந்து தள்ளிவிட்டு ஓடப் பார்ப்பார்கள். ஜசிந்தா அக்கா பிள்ளையின் வாயை மணந்து பார்ப்பார்.

“மகள் காலமை ஸ்ரோபரி சாப்பிட்டவவோ?”

“இல்லையக்கா, புட்டு.”

“ஸ்ரோபரி மணக்குது. இந்த ஊரிலை எந்தக் கடையிலை ஸ்ரோபரி விக்கினம் எண்டு சொல்லும், நானும் வாங்கவேணும்.”

தாய் தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையைத் திருப்பி எடுத்துப் போவாள். “வாங்கிற இடத்திலை பிழை விட்டால் உள்ளுக்கை இருக்கிற பதினெட்டுப் பேரும் பிழை,” என்று ஜசிந்தா அக்கா அடுத்த பிள்ளையின் காதைத் திருப்புவார்.

செல்லம், குஞ்சு, ராசாத்தி என்ற சொற்கள் அவருடைய வாயில் இல்லை. மூன்று வயதுப் பிள்ளையோடும் ‘நீர்’ போட்டுத்தான் கதைப்பார், கந்தோரில் வேலை செய்கிறவர் பக்கத்துக் கதிரைக்காரரோடு கதைப்பதுபோல.

“ஆரூரன், நீர் ஏன் மண் தின்னுறீர்?”

“பசிக்குது, ரீச்சர்.”

“பத்து மணிக்குக் கஞ்சி வரும் எண்டு உமக்குத் தெரியுந்தானே? மண்ணைத் துப்பிப்போட்டு வாரும். நாக்கைக் காட்டும். உதிலை இன்னும் கிடக்கு.”

பிள்ளைகளும் அதே தோரணையைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் உருண்டு புரண்டு அழுகிற ஆரூரன் இங்கே வந்து, “ரீச்சர், அன்ரனிட்டா என்னைக் கடிச்சவ. ஆனால் நான்தான் முதல் தள்ளினனான்,” என்று இரண்டு பக்க நியாயத்தையும் எடுத்து வைப்பான்.

கஜானிக்கு முன்பு உதவியாளராக இருந்தவள் பிரியவதனி. அவளுக்குப் பிள்ளைகளில் அளவில்லாத பாசம். எல்லாரையும் ‘தங்கக்குட்டி’ என்று கூப்பிடுவாளாம். ஒரு தங்கக்குட்டியைக் கூப்பிட்டால் பத்தொன்பதும் ஓடிவரும். ஒரு பிள்ளை விழுந்து அழுதால் அவளும் அழுவாள். ரீச்சரே அழுகிறா என்றால் விஷயம் பெரிதுதான் என்று மற்றப் பிள்ளைகளும் அழும். எல்லாரிலும் ஆரூரனில்தான் அவளுக்கு உயிர். மடியில் வைத்துத்தான் ஊட்டுவாள். நாலு மாதத்தில் கலியாணம் பேசி முடித்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போய்விட்டாள். ஆரூரன் மூன்று நாள் சோற்றைத் தொடவில்லை. ஜசிந்தா அக்கா நேரத்துக்கு நேரம் சோற்றுக் கோப்பையை அவனுக்கு முன்னால் வைத்து, பக்கத்தில் சப்பாணி கொட்டி இருந்து, ஒரே வசனத்தை ஒரே குரலில் சொன்னாராம்: “பிரியவதனி ரீச்சர் வரமாட்டா. அவ கனடாவுக்குப் போயிட்டா. சோறு இஞ்சை இருக்கு.” நாலாம் நாள் அவன் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்துவிட்டு, “கனடாவிலை சோறு இருக்கோ?” என்று கேட்டான். “இருக்குமாம். அரிசி வேறையாம்,” என்று ஜசிந்தா அக்கா கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

நூல் கட்டும் வழக்கமும் அவருடையதுதான். பின்னேரம் தாய்மார் அவசரத்தில் வந்து பிள்ளைகளை ஏற்றுவார்கள். நின்று கதை கேட்க நேரமிராது. கொம்பனியில் கூடைகளுக்கு நிறம் நிறமாகக் கயிறு கட்டுவதுபோல அவர் பிள்ளைகளின் மணிக்கட்டில் கம்பளி நூல் கட்டிவிடுவார். மஞ்சள் என்றால் சாப்பாடு போதாது. பச்சை என்றால் பகல் நித்திரை இல்லை, வீட்டுக்குப் போய்க் குழப்படி செய்யும். சிவப்பு என்றால் வயிற்றால் போகிறது. எத்தனை தரம் போனதோ அத்தனை முடிச்சு. கொம்பனிப் பெண்களுக்கு ஒருமுறை சொன்னால் போதும். வீட்டுக்குப் போனதும் நூலைப் பார்ப்பார்கள், செய்ய வேண்டியதைச் செய்வார்கள், நூலை வெட்டி எறிவார்கள்.

நிசாந்தினியின் தங்கைக்கு வவுனியாவில் பிள்ளை பிறந்தது. அவள் பத்து நாள் அங்கே போய் நிற்க வேண்டி வந்தது. மகன் நிலக்ஷனை ஏற்றும் பொறுப்புத் தகப்பன் சிவகரனுக்கு வந்தது. லான்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு இயந்திரத்தில் தண்ணீர்த் தாங்கியைக் கட்டி, உவர்க் கிணற்றுக்காரருக்கெல்லாம் நல்ல தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவது அவருடைய தொழில். முதல் நாள் பின்னேரம் வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனவர், வீட்டில் குளிக்க வார்க்கும்போதுதான் கண்டார்: வலது கையில் சிவப்பு நூல். மூன்று முடிச்சு.

அது நயினாதீவு அம்மன் திருவிழாக் காலம். குறிகாட்டுவான் படகுத்துறையில் கால் வைக்க இடமில்லாத நாட்கள். நிசாந்தினி ஏதோ நேர்த்தி வைத்துப் பிள்ளைக்குக் காப்புக் கட்டிவிட்டுத்தான் பயணம் போயிருக்கிறாள் என்று சிவகரன் முடிவெடுத்தார். தனக்குச் சொல்லாமல் வைத்த நேர்த்தி என்றால் அது தன்னைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். தன்னைப் பற்றியது என்றால் கள்ளைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். போனில் கேட்கவும் பயம்.

பத்து நாள் அந்த வீட்டில் மீன் சட்டி அடுப்பேறவில்லை. சிவகரன் காலையில் குளித்து, திருநீறு பூசி, பருப்பும் பூசணிக்காயும் சமைத்தார். கள்ளுப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது நூல் நனையாதபடி பொலித்தீன் சுற்றினார். காப்பில் வேறு கை படக்கூடாதென்று பிள்ளையை நிலையத்துக்கும் விடாமல் லான்ட்மாஸ்டரிலேயே ஏற்றிக்கொண்டு திரிந்தார். ஒருநாள் வள்ளமேறி நயினாதீவுக்கே கொண்டுபோய், அந்தக் கையைத் தூக்கிப் பிடித்து அம்மனுக்குக் காட்டினார். இரண்டாம் நாளே பிள்ளையின் வயிறு சரியாகிவிட்டது. அது அம்மனுடைய செயல் என்பதில் அவருக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

பதினோராம் நாள் நிசாந்தினி வந்திறங்கினாள். பிள்ளையைத் தூக்கினாள். கையைப் பார்த்தாள்.

“உதேன் இன்னும் வெட்டேல்லை?”

“காப்பை வெட்டுறதோ? நீர்தானே கட்டினனீர்?”

“காப்போ? மூண்டு தரம் வயித்தாலை போயிருக்கெண்டு ரீச்சர் கட்டினது!”

சிவகரன் உடனே கதிரையில் இருந்துவிட்டார். பத்து நாள் பூசணிக்காய் அவருடைய கண்ணுக்கு முன்னால் வந்து போனது. அடுத்த நாள் நிசாந்தினி வேலைக்குப் போய்ச் சொல்லக் கொம்பனி முழுவதும் சிரித்தது. தண்ணீர் ஊற்றப் போன வீடுகளில், “அண்ணை, இண்டைக்கு எத்தினை முடிச்சு?” என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் அவர் பேனையை எடுத்தார்.

நிறுவனத்துக்குப் போன கடிதத்தில் இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, சமயக் காப்பைப் போல நூல் கட்டிப் பெற்றோரை மயக்குகிறார். மற்றது, பிள்ளைகளில் விருப்பமில்லை, நண்டில்தான் விருப்பம் என்று தன் வாயாலேயே சொன்னவர்.

நிறுவனத்திலிருந்து அந்தக் கடிதத்தின் பிரதியோடு நிலையத்துக்குப் பதில் வந்தது. விசாரணை முடியும் வரை நூல் கட்டக்கூடாது. வரும் மாதம் ஜசிந்தா அக்காவின் நியமனம் புதுப்பிக்கப்பட வேண்டுமானால், இணைத்திருக்கும் உறுதிமொழியில் அவர் கையொப்பமிட வேண்டும். வெள்ளிக்கிழமை சறோஜினிதேவி என்ற அதிகாரி நேரில் வந்து அதைப் பெற்றுக்கொள்வார். உறுதிமொழி ஒரே வசனந்தான்: ‘நான் இப்பிள்ளைகளை என் சொந்தப் பிள்ளைகளைப் போல நேசித்துப் பராமரிப்பேன்.’

இரண்டாவது குற்றச்சாட்டைக் கஜானி இரண்டு தரம் படித்தாள். அந்தக் கதை எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்று அவளுக்குத் தெரியும்.

“நான்தான் அக்கா நிசாந்தினி அக்காவுக்குச் சொன்னனான். பகிடியாய்த்தான்.”

“பொய்யோ சொன்னனீர்? இல்லையே. பிறகென்ன?” ஜசிந்தா அக்கா கடிதத்தை மடித்து, அலுமாரிக்குமேல் மருந்துப் போத்தலுக்குக் கீழ் வைத்தார். கையெழுத்து வைக்கவில்லை.

வியாழக்கிழமையும் வைக்கவில்லை. கஜானி பேனையின் மூடியைத் திறந்து பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

“ஒரு வசனந்தானே அக்கா. ஆரும் வந்து அளந்து பார்க்கப் போகினமே?”

“வடிவாய் வாசிச்சனீரோ? சொந்தப் பிள்ளையளைப் போல எண்டு கிடக்கு. என்ரை மகன் றொமேஷை நான் வளர்த்த வளர்ப்பு உமக்குத் தெரியுமோ? விடியக் கடக்கரைக்குப் போகேக்கை ஏணைத் தொட்டிலுக்குள்ளை போட்டு, விழாமல் குறுக்காலை சாறத்தை இறுக்கிக் கட்டிப்போட்டுப் போவன். திரும்பி வரேக்கை அழுது முடிச்சு நித்திரையாய்க் கிடப்பான். நாலு வயசிலை அகப்பைக் காம்பாலை வாங்கினவன், இண்டைக்கும் நீர்கொழும்பிலை இருந்து போன் எடுத்தால் அதைத்தான் முதல் சொல்லுவான். தலை நிறையப் பேன். பல்லு நாலு சூத்தை. அவனெண்டால் எனக்கு உயிர். உயிரெண்டபடியால்தான் அடிச்சனான், உதுகளுக்கு நான் ஏன் அடிக்கிறன்? சொந்தப் பிள்ளையளைப் போலப் பாப்பன் எண்டு கையெழுத்து வைச்சால், நாளைக்குப் பொலிஸ் வந்து நிக்கும்.”

“வேலை போயிடும், அக்கா.”

“அது எனக்கும் தெரியும்,” என்றார் ஜசிந்தா அக்கா. அவர் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் இறங்கியது. “அம்புறோசுக்கு இன்னும் சொல்லேல்லை.”

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நிறுவனத்தின் வான் வண்டி பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி தாண்டி வந்து நின்றது. சறோஜினிதேவி மிஸ் பால் நிறச் சேலையில் இறங்கினார். கையில் ஒரு பை நிறையப் பால் ரொபி மிட்டாய். பிள்ளைகள் என்றால் உருகிப்போகும் மனுஷி என்பது வாசலிலேயே தெரிந்தது.

“மிஸ், முதலிலை கையைக் கழுவுங்கோ,” என்றார் ஜசிந்தா அக்கா.

மிஸ் கழுவினார். சவர்க்காரம் நுரைக்கவில்லை. ஜசிந்தா அக்கா பக்கத்தில் நின்று, “இன்னும்,” என்றார். இன்னும் கழுவினார். ரொபிப் பை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கப்படும் என்று வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டப்பட்டது. மிஸ் தமது குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். கஜானி எட்டிப் பார்த்தாள், எழுத்துப் பிடிபடவில்லை.

அன்றைக்குக் காலை ஒன்பதரைக்கு ஆரூரனுக்கு ஒருதரம் வயிற்றால் போயிருந்தது. மற்ற நாள் என்றால் கையில் சிவப்பு நூல் ஏறியிருக்கும். இன்றைக்கு நூல் தடை. அவன் மூலையில் தனியே பாயில் இருந்தான். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு பொறுக்காத முகம் அவனுக்கு இயல்பாகவே உண்டு.

“அச்சோ, ஏன் இந்தக் குஞ்சு தனிய இருக்கு?” மிஸ் ஓடிப்போய் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“மிஸ், அவரை இறக்கி விடுங்கோ,” என்றார் ஜசிந்தா அக்கா.

“ஏன், பிள்ளையைத் தூக்கவும் கூடாதோ?”

“இப்ப தூக்கக் கூடாது.”

“ஜசிந்தா, பிள்ளையளுக்கு ஒரு அணைப்பு வேணும்.” மிஸ் ஆரூரனை இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைத்தார். இறுக்கியிருக்கக் கூடாது.

ஆரூரன் நேர்மையான பிள்ளை. மடியில் இருந்தபடியே மிஸ்ஸின் முகத்தைப் பார்த்து, “ரீச்சர் சொன்னவதானே,” என்றான்.

பிறகு நடந்த காரியங்கள் மிக ஒழுங்காக நடந்தன. ஜசிந்தா அக்கா ஆரூரனை ஒரு கையாலும் மிஸ்ஸை மறுகையாலும் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். முதலில் ஆரூரனைக் கழுவினார். மிஸ் தம்முடைய முறைக்குக் காத்திருந்தார். ஜசிந்தா அக்காவின் மாற்றுச் சட்டை, பெரிய பெரிய செம்பரத்தைப் பூப் போட்டது, மிஸ்ஸுக்கு முழங்காலோடு நின்றுவிட்டது. சேலை உவர்த் தண்ணீரில் மூன்று முறை அலசியும் நிறம் திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து, டக டக டக என்று லான்ட்மாஸ்டரில் தண்ணீர்த் தாங்கி வந்து சேர்ந்தது.

“நல்ல தண்ணி வந்திட்டுது,” என்றார் ஜசிந்தா அக்கா. “சிவகரன், குழாயை இஞ்சாலை நீட்டும்.”

செம்பரத்தைச் சட்டையோடு நின்ற மிஸ் அந்தப் பெயரைக் கேட்டுத் திரும்பினார். “நீங்களோ கடிதம் எழுதின சிவகரன்?”

சிவகரன் குழாயின் வாயை உற்றுப் பார்த்தார். தண்ணீர் வருவதற்கு அப்படிப் பார்ப்பது அவசியம் என்பதுபோல. பிறகு சேலையைப் பார்த்தார். நடந்தது அவருக்கு விளங்கிவிட்டது.

“மிஸ், அந்த நூலைத் திருப்பிக் கட்டச் சொல்லுங்கோ,” என்றார் மெல்ல. “முந்தநாள் நூலில்லாமல்தான் பெடியன் வீட்டை வந்தவன். நான் தோளிலை தூக்கி வைச்சிருந்தனான்.”

ஜசிந்தா அக்கா சிரிக்கவில்லை. கஜானி தாங்கிக்குப் பின்னால் போய் நின்று சிரித்துவிட்டு வந்தாள்.

மதியம் பிள்ளைகள் சாப்பிட்டு, ரொபியும் ஆளுக்கு ஒன்றாகத் தின்று, வாய் கொப்பளித்துப் படுத்துவிட்டார்கள். சேலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மிஸ் பூச்சட்டையோடு கதிரையில் இருந்து உறுதிமொழித் தாளைக் கையிலெடுத்தார். கீழே வெறுமையாகக் கிடந்தது.

“கையெழுத்து இல்லாமல் நான் போகேலாது, ஜசிந்தா. மேலை கேப்பினம். வேறை ஆளைப் போடச் சொல்லுவினம்.”

“ஓம் மிஸ்.”

“உண்மையாய்ச் சொல்லுங்கோ. இந்தப் பிள்ளையளிலை உங்களுக்கு ஒரு சொட்டு அன்பும் இல்லையோ?”

ஜசிந்தா அக்கா யோசித்தார். நண்டைக் கையில் வைத்துப் பாரம் பார்ப்பவர்போல யோசித்தார்.

“மூண்டு பேரிலை நல்ல விருப்பம் இருக்கு, மிஸ். ஆரெண்டு சொல்லமாட்டன். ஒருத்தரைக் கண்ணிலை காட்டக் கூடாது. பார்த்தாலே எரிச்சல் வரும். அவர் ஒரு பிழையும் செய்யேல்லை, சின்னப் பிள்ளை. என்ரை மனம் அப்பிடி. மற்றப் பதினைஞ்சு பேரும் எனக்குப் பிள்ளையள், அவ்வளவுதான். விருப்பமான மூண்டு பேருக்கும் அது தெரியாது. மற்ற ஆளுக்கும் தெரியாது. தெரிய விடாமல் வைச்சிருக்கிறதுதான் மிஸ் எனக்கு இஞ்சை பெரிய வேலை. பின்னேரம் வீட்டை போகேக்கை நாரியும் இடுப்பும் நோகிறதும் அதாலைதான்.”

மிஸ் கதிரையைத் திருப்பினார். பாயில் படுத்திருந்த பத்தொன்பது தலைகளையும் பார்த்தார். கஜானியும் பார்த்தாள். ஒரு வருடமாக இந்த மனுஷியோடு பக்கத்தில் நின்று, கை கழுவிவிட்டு, கஞ்சி பருக்கி, மூக்குத் துடைத்துவிட்டவள் அவள். யார் அந்த மூவர், யார் அந்த ஒருவர் என்று ஒவ்வொரு முகமாகத் தேடினாள். இவர்தான் என்று ஒரு பிள்ளையில்கூட அவளால் கை வைக்க முடியவில்லை.

மிஸ் பேனையை எடுத்து அச்சடித்திருந்த வசனத்தைக் குறுக்கே வெட்டினார். “சரி. நீங்கள் என்ன செய்வீங்கள் எண்டதை நீங்களே சொல்லுங்கோ. கஜானி, எழுதும்.”

ஜசிந்தா அக்கா சொல்லச் சொல்லக் கஜானி எழுதினாள். காலையில் தந்த பிள்ளையைப் பின்னேரம் அதே பிள்ளையாகத் திருப்பித் தருவேன். விழுந்தால் விழுந்தது என்று சொல்லுவேன். ஒருவரைத் தூக்கினால் மற்றவர்களையும் தூக்குவேன். இடுப்பு நோகிற நாளில் ஒருவரையும் தூக்க மாட்டேன். எனக்கு விருப்பமில்லாத பிள்ளைக்குத்தான் கஞ்சி முதலில் ஊற்றுவேன் என்று அவர் சொன்னதும் மிஸ் பதறிப்போய், “ஐயோ, உதை எழுதாதையும்,” என்று தடுத்தார். பிறகு முழுவதையும் வாசித்துவிட்டு நெற்றியைத் தடவினார்.

“ஜசிந்தா, அன்பு எண்ட சொல்லு ஒரு இடத்திலையாவது வரவேணும். இல்லாட்டி எனக்கு மேலை காட்டேலாது.”

ஜசிந்தா அக்கா இதற்கும் யோசித்தார். “இதைக் கடிதமாய் ‘அன்புள்ள ஐயா’ எண்டு தொடங்கும், பிள்ளை,” என்றார்.

அப்படியே தொடங்கிற்று. ஜசிந்தா அக்கா கையெழுத்து வைத்தார். மிஸ் பாதி காய்ந்த சேலையோடு வானில் ஏறினார். ஏறுமுன் வாசலில் நின்று, கேட்காமலே ஒருமுறை கை கழுவினார்.

இரண்டு கிழமை பதில் இல்லை. ஜசிந்தா அக்கா எப்போதும்போல ஆறரைக்கு வந்து வாய் மணந்தார். ஆனால் தபால்காரனின் மணிச்சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பிள்ளையின் காதை இரண்டு முறை பார்த்தார். மூன்றாம் கிழமை கடிதம் வந்தது. கஜானிதான் உடைத்தாள். நியமனம் இன்னும் ஒரு வருடத்துக்கு. நூலும் கட்டலாம். ஆனால் சமய உணர்வுகளைக் கருத்திற்கொண்டு சிவப்பு நிறம் தவிர்க்கப்பட வேண்டும், நீலம் பரிந்துரைக்கப்படுகிறது.

“நீலமோ? மாதாவின்ரை நிறத்தை வயித்தாலை போறதுக்குக் கட்டேலாது,” என்று ஜசிந்தா அக்கா ஒரே அடியாக மறுத்துவிட்டார். மண்ணிறத்தில் முடிந்தது. யாருக்கும் ஆட்சேபனை இல்லை, விளக்கமும் தேவைப்படவில்லை.

அன்று பின்னேரம் கடைசிப் பிள்ளையும் போன பிறகு இருவரும் பாய்களைத் தட்டிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பல நாளாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கஜானி கேட்டே விட்டாள்.

“அக்கா, அந்த ஒருத்தர் ஆர்?”

“ஆரெண்டு நினைக்கிறீர்?”

“நிலக்ஷனோ? தேப்பன் கடிதம் எழுதினபடியால்...”

ஜசிந்தா அக்காவின் முகத்தில் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. ஒரு பாயைச் சுருட்டி முடித்து, கட்டி, அடுக்கில் வைத்தார்.

“உப்பிடி ஊகிக்காதையும். ஆனால் பார்த்துக்கொண்டிரும்,” என்றார். “எப்பவாவது ஒருநாள், நான் சோறு போடுறதிலையோ, கூப்பிடுறதிலையோ, இவர்தான் ஆள் எண்டு உமக்கு வடிவாய்த் தெரிஞ்சுதெண்டால் எனக்கு வந்து சொல்லும். அம்மாவுக்கும் பஸ்ஸிலையும் சொல்லுறதுக்கு முதல், எனக்குச் சொல்லும்.”